இசைப்பள்ளி கண்ட விஷ்ணு திகம்பர் பலூஸ்கர்

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானம் பெறும் நெறியை நம் முன்னோர் நால்வகைப்படுத்தினர். இவற்றுள் கேட்டலே முதற்படியாம். முதற்படியிற் கால் வையாதான் மேற்படியை எய்துதல் யாண்டும் இல்லை. ஞானநூற்கு ஓதிய இம்முறை கலைகட்கும் ஒக்கும். இசைக்கலையோ செவியையே வாயிலாக உடையது. ஆகலின் அதன்கண் கேட்டலின் சிறப்பு மிக விளங்கும். அவ்வாயிலை இளஞ்சிறார் யாவர்க்கும் திறந்துவைத்தல் வேண்டும் எனக் கருதித் தம் வாழ்நாளை அதற்கே ஈந்த ஒரு பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். அவர் வடபுலத்து இந்துஸ்தானி இசையில் வல்லுநராய் விளங்கிய விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் ஆவார்.

இவர் 1872ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள், மராட்டிய நாட்டுக் குருந்த்வாடு என்னும் ஊரில் தோன்றினார். தந்தையார் திகம்பர் கோபாலர், இறைவன் புகழைப் பாட்டும் உரையுமாக எடுத்தோதும் கீர்த்தனத் தொண்டினர். நம் நாட்டுக் கதாகாலட்சேபம் இம்மராட்டியக் கீர்த்தனத்தின் சாயல் பெற்றது என்பதை அறிஞர் அறிவர். தந்தையாரின் பாட்டைக் கேட்டே வளர்ந்த சிறுவர்க்கு இளமையிலேயே ஒரு பேரிடர் நேர்ந்தது. தத்தாத்திரேய சயந்தி விழாவில் வெடியொன்று அவர் முகத்தருகே வெடித்தது. உயிர் பிழைத்தார், ஆயினும் கண்ணொளி பெரிதும் குன்றிற்று. ஏட்டுக் கல்விக்கு வழி அடைபட்டமையின், பெற்றோர் அவரை இசை பயிலுமாறு மிரஜ் நகர்க்கு விடுத்தனர். கண்ணின் வாயில் குறைந்த பிள்ளைக்குச் செவியின் வாயிலே வாழ்வாயிற்று.

மிரஜ் நகரில் அவர்க்கு வாய்த்த ஆசிரியர் பாலகிருஷ்ணபுவா இசலகரஞ்சிகர் என்பார். குவாலியர் நகரத்து இசைமரபை மராட்டிய நாட்டிற் பரப்பிய பெருமை இவர்க்கு உரியது. அம்மரபோ ஹஸ்ஸுகான் முதலிய முகம்மதியப் பெரும்புலவர் வழி வந்தது. இதனால், கலைச்செல்வம் ஓர் இனத்தார்க்கே உரிய காணியன்று என்பது போதரும். விஷ்ணு திகம்பர் ஆசிரியர்க்குத் தொண்டு பூண்டு, ஒரு சுரத்தையே நாழிகைக் கணக்கிற் சாதித்துப் பல்லாண்டு பயின்றனர். குருகுலத்தின் அருமையையும் அதன் கடுமையையும் அவர் ஒருங்கே அறிந்தது இங்கேயாம்.

அக்காலத்தே இசைவாணரைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணம் இழிவானது. பாட்டை விரும்பினர்; பாடுவாரை மதித்திலர். அரசர் அவைக்களத்தும் செல்வர் மாளிகையிலும் அவர் ஏவலரோடு ஒப்ப வைக்கப்பெற்றனர். மிரஜ் நகரில் நிகழ்ந்த ஒரு பெருங்கூட்டத்திற்கு விஷ்ணு திகம்பர்க்கு அழைப்பு வந்ததாகவும், அவர்தம் ஆசிரியர்க்கோ பாடகர் என்பது பற்றி அழைப்பு வாராதொழிந்ததாகவும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். மாணாக்கன் பெற்ற மதிப்பை ஆசிரியன் பெறாமை கண்டு அவர் உள்ளம் நொந்தது. இசைக்கும் இசைவாணர்க்கும் உரிய மதிப்பை மீட்டல் வேண்டும் என்னும் உறுதியுடன் 1896ஆம் ஆண்டில் மிரஜை விட்டுப் புறப்பட்டார்.

பரோடா, சௌராட்டிரம், குவாலியர், மதுரை எனப்படும் வடமதுரை, தில்லி முதலிய இடங்களிற் சென்று பாடினார். அரசர் கொடையையே நம்பியிராது, பொதுமக்களை ஓரிடத்துக் கூட்டி, சிறு கட்டணம் பெற்றுப் பாடும் வழக்கத்தைத் தொடங்கினவருள் இவர் முற்பட்டவர். இச்செலவில் அவர் கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு. நல்லிசையைச் சுவைப்பார் எங்கும் உளர். அதனை முறையாகக் கற்பாரோ மிகச் சிலர். இசைப்புலவரிற் பலர் தம் மக்கட்கும் மருகர்க்கும் அன்றிப் பிறர்க்குக் கற்பியார். கற்பிப்பினும் சிறந்தனவற்றை மறைப்பர். குடிப்பிறந்தோர் தம் பிள்ளைகளை அவரிடம் விடுத்தற்கு நாணுவர். இவ்விரு மதிலும் இடிந்தாலன்றி இசை வாழாது என அவர் துணிந்தார்.

அத்துணிவின் பயனாக 1901ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் லாகூர் நகரில் காந்தர்வ மகாவித்தியாலயம் எழுந்தது. ஓர் அரசனது பொருளால் அன்றிப் பொதுமக்கள் உதவியாலும் தாம் பாடிப் பெற்ற பொருளாலும் அதனை நடத்தினார். ஏனைப் பள்ளிகளிற் கணக்கும் இலக்கணமும் கற்பிக்குமாறு போல, வகுப்பும் நேரமும் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் இசைக்கு வகுக்கப்பெற்றன. தம்புராவின் சுருதியில் மாணாக்கர் பலர் ஒருங்கிருந்து சுரம் பாடுவர். கையால் தாளம் இடுவர். பின்னரே சிறு பாடல்களிற் புகுவர். சுரங்களை எழுத்திற் குறித்தற்கு அவர் ஒரு முறை வகுத்து, சிறுவர்க்கேற்ற பாடநூல்கள் எழுதி, தம் அச்சுக்கூடத்திலேயே பதிப்பித்தார். பழைய பாடல்களிற் சிற்றின்பச் சொற்கள் மிக்கவற்றை விலக்கி, துளசிதாசர், சூரதாசர், மீராபாய் முதலிய அடியார் பாடல்களை இராகத்தில் அமைத்துக் கற்பித்தார். பெற்றோர் அச்சம் நீங்கிற்று. மகளிர்க்கும் பள்ளியின் கதவு திறந்தது.

ஈண்டு ஒரு தடை எழும். ஆசிரியன் பாட மாணாக்கன் அடியொற்றிப் பாடி, ஆண்டுகள் பல உடனுறைந்து பெறுதற்குரிய கலையை, மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் வகுப்பிற் பெறுதல் கூடுமோ? அச்சிட்ட சுரக்குறிப்புக் கமகத்தின் நுட்பத்தைக் காட்டுமோ? அக்காலத்து உஸ்தாதுகள் இவ்வாறே வினவினர். இவ்வினா புறக்கணிக்கற்பாலது அன்று. வகுப்பிற் பயின்ற சிறாருட் பெரும்பாலார் அரங்கேறிப் பாடும் புலவர் ஆகவில்லை என்பதும், அவர் வகுத்த குறியீடு கடினமாயிருந்தமையின் பின்னாளில் பாத்கண்டே அவர்களின் எளிய குறியீடே பெரிதும் வழங்கலாயிற்று என்பதும் மறைத்தற்கரிய உண்மைகள்.

ஆயின் விஷ்ணு திகம்பர் இத்தடையை அறியாதவர் அல்லர்; தாமே குருகுலத்தின் விளைவன்றோ! அவர் தம் பள்ளியை இருநிலையாக அமைத்தார். வகுப்பிற்கு வந்து செல்லும் பிள்ளைகட்கு இசையின் அடிப்படையும் நற்சுவை உணர்ச்சியும் அளிப்பது ஒருநிலை. அவருள்ளும் பிறருள்ளும் தகுதியுடையாரைத் தெரிந்து, உணவும் உறையுளும் தந்து, ஒன்பதாண்டு தம்முடன் இருத்தி, ஆசிரியராகும்படி பயிற்றுதல் மற்றொரு நிலை. முன்னையது கேட்டலுக்கு உரியது. பின்னையது நிட்டைக்கு உரியது. கேட்பார் பலர் இல்வழி நிட்டை கூடுவார் சிலரும் தோன்றார். தோன்றினும் அவர் பாட்டைக் கேட்டுணர்வார் இரார். இஃதே அவர் கொள்கையின் உயிர்.

1908ஆம் ஆண்டில் பம்பாயிற் பள்ளி தொடங்கப்பெற்றது. மாணாக்கர் பெருகினர். பெரிய கட்டடம் வேண்டிக் கடன் கொண்டார். கொடையாக வந்தது கடனுக்குப் போதவில்லை. தாம் ஊரூராகச் சென்று பாடி ஈட்டியதும் வட்டிக்கே சென்றது. அவர் உள்ளமோ வரவர இராமநாமத்தில் தோய்ந்து, நாசிக் நகரத்து ஆசிரம வாழ்வை நாடிற்று. 1924ஆம் ஆண்டில் கடன் கொடுத்தோர் பம்பாய்க் கட்டடத்தை ஏலத்தில் விற்றனர். கால் நூற்றாண்டு உழைத்து எழுப்பியது ஒருநாளிற் பிறர் கையதாயிற்று. பன்னிரு மக்களைப் பெற்ற அவர்க்கு எஞ்சியவர் தத்தாத்திரேயர் என்னும் ஒரு மகனாரே. இத்துணைத் துயரிடையும் அவர் பாடுதலையும் கற்பித்தலையும் விட்டிலர். 1931ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள், தாம் கல்வி பயின்ற மிரஜ் நகரிலேயே உடல் நீத்தார்.

கட்டடம் போயிற்று, பள்ளி போயிற்றோ? போயிற்றில்லை. அவரிடம் உடனுறைந்து கற்றோர் ஒவ்வொருவரும் ஒரு பள்ளியாயினர். வறுமையில் வளர்ந்த ஓங்காரநாத தாகூர் இளமையிலேயே லாகூர்ப் பள்ளியின் தலைமை ஏற்றுப் பின்னர்க் காசி இந்து பல்கலைக்கழகத்தில் இசைத்துறையை நிறுவி நடத்தினார். தேவதர் 1925ஆம் ஆண்டில் பம்பாயிலும், விநாயகராவ் பட்டவர்த்தனர் 1932ஆம் ஆண்டில் புனாவிலும் இசைப்பள்ளி கண்டனர். நாராயண் மோரேஷ்வர் கரே சபர்மதி ஆசிரமத்துச் சிறார்க்கும் முதியார்க்கும் பசனை கற்பித்து, 1930ஆம் ஆண்டில் காந்தியடிகளுடன் தண்டிக்கு நடந்தார். ஆசிரியர் மறைந்த அவ்வாண்டிலேயே மாணாக்கர் ஒன்றுகூடி அகில பாரத காந்தர்வ மகாவித்தியாலய மண்டலத்தை அமைத்தனர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் லாகூர் வேறு நாட்டின் பகுதியாயிற்று. எனினும் அங்கு இட்ட வித்து அழிந்திலது.

இச்சரிதம் நமக்கு அயலதன்று. முதல் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெண்மரை நியமித்து நெல் வழங்கிய செய்தியைக் கல்வெட்டிற் காண்கிறோம். நம் ஆதீனங்களும் தேவாரப் பாடசாலை நிறுவி ஓதுவார் மரபைப் புரந்துவந்தன. இவை நிட்டை நிலைக்கு உரியன, இன்றியமையாதன. ஆயின் உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகட்குக் கேட்டல் நிலையை அளிப்பார் யாவர்? பாட்டுக்குரிய ஒருமணி நேரத்தைத் தேர்வு நெருங்கியவுடன் கணக்கிற்கு ஈந்துவிடுதல் பல பள்ளிகளில் வழக்கமாயிற்று. அச்சிறார் வளர்ந்து கோயிலுக்குச் செல்லுங்கால், ஓதுவார் பாடும் பண் இன்னதென உணராது வாளா நிற்பர். உணர்வார் இல்வழி ஓதுவார் எங்ஙனம் வாழ்வர்? மாணாக்கர் யாவரும் இசைவாணர் ஆகவேண்டுவதில்லை, செவியுடையராயின் அமையும். கண்ணொளி குன்றிய ஒருவர் பிறர் செவிக்கு ஒளி தந்து சென்றார். அவர் விட்ட இடத்தினின்றும் தொடர்தல் திருமடங்கட்கும் பள்ளி நடத்துவோர்க்கும் உரிய கடனாம்.