பட்டத்திற்குப் பின்னும் தொடர்ந்த படிப்பு

உத்திரமேரூர்ப் பக்கத்து உழவனுக்கு மழை வந்தால் ஏரி. ஏரி நிறைந்தால் நெல். ஆகவே, எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்ற செய்தியை எங்கள் வீட்டில் அனைவரும் காதுகொடுத்துக் கேட்போம். அந்த அளவை நம்பிக் கேட்கலாம் என்ற நிலை உருவாக உழைத்தவர்களுள் ஒருவர் அன்னா மாணி. இயற்பியல் மாணவன் என்ற முறையில் அவரைப் பற்றி எழுத விழைகிறேன்.

1918 ஆகஸ்டு 23-இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1939-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1940-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனிடம் சேர்ந்து, வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்தார். 5 கட்டுரைகள் வெளியிட்டு, 1945-இல் ஆய்வேட்டையும் அளித்தார். ஆனால், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை.

ஒரு தாளில் தவறினாலே படிப்பு முடிந்தது என்று சோர்ந்துபோகும் என்னைப் போன்றோர் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அவர் அதே ஆண்டில் அரசு உதவித்தொகையுடன் இங்கிலாந்து சென்றார். விரும்பியது இயற்பியல், கிடைத்ததோ வானிலைக் கருவிப் பயிற்சி. புதிய அத்துறையை அடிப்படையிலிருந்து கற்றார்.

1948-இல் தாயகம் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி போன்ற எளிய கருவிகளும் கடல் கடந்து வந்த காலம் அது. ஏறத்தாழ 100 கருவிகளுக்குத் தரப்படுத்திய வரைபடங்கள் உருவாக வழிசெய்து, அவற்றை இங்கேயே செய்யவைத்தார். 1957-58-இல் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டில் நிறுவினார். ஓசோனை அளக்கும் கருவியையும் உருவாக்கினார்.

1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபின்னும் அவர் ஓயவில்லை. சூரிய ஆற்றல் பற்றி 1980-இலும் 1981-இலும், காற்றின் ஆற்றல் பற்றி 1983-இலும் அவருடைய தரவு நூல்கள் வெளிவந்தன. 2001 ஆகஸ்டு 16-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

வானிலைத் துறையில் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பணியில் இருப்போரும் புனேயிலுள்ள துறையின் பயிற்சி நிலையத்திற்கு மீண்டும் மாணவராகச் செல்கின்றனர். நண்பர்களே, நாம் பெறப்போகும் பட்டம் படிப்பின் வாசற்படிதான். கிடைக்காத பட்டத்தை எண்ணி அன்னா மாணி அந்தப் படியிலேயே அமர்ந்திருந்தால், நம் நாட்டு மழையை அளக்க நாம் இன்னும் சில காலம் பிறர் கருவிக்குக் காத்திருந்திருப்போம்.