மாஜினியின் கடிதங்களைத் திறந்தது யார்?

கசகசா விதை காட்டிக்கொடுத்தது

இத்தாலியின் விடுதலை வீரர் மாஜினி. பாரதியாரின் பாட்டு மூலம் தமிழர்களுக்கு அறிமுகமானவர்.

இவர் 1805-ம் ஆண்டு ஜெனோவா நகரில் பிறந்தார். அவர் வளர்ந்தபோது இத்தாலி பல துண்டுகளாகக் கிடந்தது. வடக்கே ஒரு பகுதியை ஆஸ்திரியா ஆண்டது. இத்தாலியை ஒரே குடியரசாக்க, 1831-ல் "இளம் இத்தாலி" என்ற சங்கத்தை மாஜினி தொடங்கினார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடு நாடாக அலைந்து, 1837-ல் லண்டனுக்கு வந்தார்.

விதை எங்கே?

அங்கே ஏழை இத்தாலியச் சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். தோழர்களுக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்.

1844-ல் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தம் கடிதங்களை யாரோ படிக்கிறார்களா?

மாஜினி ஒரு தந்திரம் செய்தார். தமக்கு வரும் கடிதங்களில் கசகசா விதை, மணல், தலைமுடி ஆகியவற்றை வைத்து அனுப்பச் சொன்னார். கடிதங்கள் வந்தன. உள்ளே வைத்ததைக் காணோம்!

திறந்தது திருடன் அல்ல. அரசாங்கம்! உள்நாட்டு மந்திரி சர் ஜேம்ஸ் கிரகாமின் உத்தரவுப்படி, தபால் இலாகாவின் ரகசிய அறையில் அவை பிரிக்கப்பட்டன.

பார்லிமெண்டில் புயல்

ஜூன் மாதம் டன்கோம்ப் என்ற உறுப்பினர் இதைப் பார்லிமெண்டில் எழுப்பினார். நாடே கொதித்தது. கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் பிரிப்பதற்கு மந்திரியின் பெயரையே வைத்து மக்கள் கேலி செய்தார்கள்.

ஜூலையில் பாண்டியேரா சகோதரர்கள் இத்தாலியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் மாஜினியுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்கள். கடிதத்தில் இருந்த செய்திதான் அவர்களுக்கு எமனாயிற்றோ என்று பலர் சந்தேகித்தார்கள். விசாரணைக் குழு அதை மறுத்தது.

ரகசிய அறை மூடப்பட்டது. ஆனால் கடிதத்தைப் பிரிக்க உத்தரவிடும் அதிகாரம் மந்திரியிடமே இருந்தது.

அன்று ஒருவர், பிறகு கோடிப் பேர்

2013-ம் ஆண்டு, அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகள் இணையத்தில் செல்லும் தகவல்களை மொத்தம் மொத்தமாகச் சேகரித்தது அம்பலமாயிற்று. குற்றமே செய்யாதவர்களின் செய்திகளும் அதில் சிக்கின. பிரிட்டன் அப்போது அதை நடத்திய முறையில் மனித உரிமைக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று, 2021-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அப்படிச் சேகரிப்பதையே அது தடுக்கவில்லை. மின்னஞ்சலுக்குள் கசகசா வைத்துப் பார்க்கவும் வழியில்லை!

மாஜினியின் காலத்திலேயே இத்தாலி ஒன்றுபட்டது. ஆனால் அவர் கேட்ட குடியரசு வரவில்லை, மன்னராட்சிதான் வந்தது. 1872-ல் பீசா நகரில், தாய்நாட்டு மண்ணிலேயே, பெயரை மாற்றிக்கொண்டு மறைந்து வாழ்ந்த நிலையில் மாஜினி காலமானார்.