தனிநாயக அடிகள்

யாழ்ப்பாணத்தின் மேற்கே, ஆழமில்லாத கடலிடையே தீவுகள் பல அமைந்துள்ளன. பனையும் தென்னையும் ஓங்கி நிற்கும் அத்தீவுகளுள் ஒன்றில் ஊர்காவற்றுறை என்னும் பழந்துறைமுகம் இருக்கின்றது. அதனை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் தோன்றியவர் சேவியர் தனிநாயகம். கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்த அவருக்குத் திருமுழுக்கின்போது சூட்டப்பெற்ற பெயர் சேவியர். தனிநாயகம் என்பது அவர்தம் முன்னோர் பெயர். அதனைப் பின்னாளில் அவரே விரும்பி ஏற்றுக்கொண்டார்.

ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிக்கல்வி முடித்த இளைஞர், துறவு நெறியை விழைந்து கொழும்பிலுள்ள குருமடத்திற் சேர்ந்தார். அங்கிருந்து 1934ஆம் ஆண்டில் உரோமை நகருக்குச் சென்றார். ஐந்தாண்டுகள் அங்கே தங்கி இறையியல் பயின்று, 1938இல் குருப்பட்டமும், பின்னர் இறையியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். இலத்தீனும் இத்தாலியமும் பிற ஐரோப்பிய மொழிகள் சிலவும் அவர் நாவில் எளிதாக வழங்கின. உலகெங்குமிருந்து வந்த மாணவர் நடுவே கல்வி பயின்ற அவர், ஒவ்வொருவரும் தத்தம் நாட்டு இலக்கியத்தைப் பெருமிதத்துடன் எடுத்துரைக்கக் கேட்டிருத்தல் வேண்டும். ஆயின், தம் தாய்மொழியின் தொல்லிலக்கியம் அவருக்கு அந்நாளில் அயலாகவே இருந்தது. ஆங்கில வழியிற் கற்ற அக்காலத்து இளைஞர் பலர்க்கும் நேர்ந்த குறையே இது.

1940ஆம் ஆண்டில் அடிகளார் தமிழ்நாடு போந்தார். தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த வடக்கன்குளத்துப் புனித தெரேசாள் உயர்நிலைப்பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் பணி அவருக்கு வாய்த்தது. பணியேற்றதும் அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. இலத்தீனில் ஆய்வேடு எழுத வல்ல தமக்குத் தமிழில் நாலு பேர் நடுவே பிழையின்றிப் பேசும் ஆற்றல் போதவில்லை என்பதே அது. டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர், முப்பது வயதை எட்டும் பருவத்தில், எழுத்தும் சொல்லும் தொடங்கி மீண்டும் மாணவராதல் எளிதன்று. தன்மதிப்பு குறுக்கே நிற்கும். ஊரார் நகைப்பரோ என்னும் அச்சமும் தடுக்கும். அடிகளார் இரண்டனையும் பொருட்படுத்தவில்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரை அடுத்து, இலக்கண இலக்கியங்களை முறையாகப் பாடங் கேட்டார். கத்தோலிக்கக் குரு ஒருவர் அந்தணப் புலவர் ஒருவரிடம் பணிந்து தமிழ் கேட்ட அந்நான்கு ஆண்டுகளே, பின்னர் அவர் எழுப்பிய மாளிகைக்கெல்லாம் கடைக்காலாயின.

தமிழில் வேட்கை மிகுந்த அடிகளார், 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். தில்லைக்கு அருகே, 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைச் செட்டியாரால் நிறுவப்பெற்ற அப்பல்கலைக்கழகம், அந்நாளில் தமிழாராய்ச்சியின் தாயகமாகத் திகழ்ந்தது. அங்கே தம்மினும் இளையரான மாணவரோடு ஒருங்கிருந்து பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். அதன்பின் எம்.லிட். என்னும் ஆராய்ச்சிப் பட்டத்தை நாடினார். ஆசிரியர் நடத்தும் பாடத்தைக் கேட்டுத் தேர்வெழுதிப் பெறும் பட்டம் அன்று அது. மாணவரே ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, மூலநூல்களை நேரே ஆராய்ந்து, முன்னோர் கூறாத முடிபு ஒன்றைச் சான்றுடன் நிறுவி, ஆய்வேடாக எழுதி அறிஞர் அவைமுன் வைத்தல் வேண்டும்.

அடிகளார் தேர்ந்த பொருள், பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை பெறும் இடம் என்பதாகும். சங்கப் பாடல்கள் ஏறத்தாழ 2,400. அவற்றையெல்லாம் அச்சிற் கொணர உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் அரை நூற்றாண்டு உழைத்திருந்தனர். வையாபுரிப் பிள்ளை பதிப்பித்த சங்க இலக்கியத் தொகுதி 1940இல் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்று ஒரு சொல் எங்கெங்கு வருகின்றது என்பதைக் கணிப்பொறி நொடியிற் காட்டிவிடும். அன்று அவ்வசதி இல்லை. காந்தள் என்னும் பூவைப் பாடிய புலவர் எத்துணையர், எச்சூழலிற் பாடினர் என்று அறிய விரும்பினால், நூல்களை ஏடேடாகப் புரட்டிக் குறிப்பெடுத்தல் ஒன்றே வழி. ஆராய்ச்சி என்பதன் பெரும்பகுதி இத்தகைய ஓசையற்ற உழைப்பே.

மலையும் காடும் வயலும் கடலும் பாலையும் ஆகிய நிலங்களைத் தமிழ்ப் புலவர் வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றற்கும் உரிய பொழுதும், பூவும், புள்ளும், மாந்தர் ஒழுக்கமும் கண்டனர். மழைக்காலத்து மாலையில் முல்லை மலரும் காட்டிடையே, போர்மேற் சென்ற தலைவனை எதிர்நோக்கித் தலைவி ஆற்றியிருப்பாள். கடற்கரை மணலில் அவள் இரங்கி நிற்பாள். இயற்கையை இயற்கைக்காகவே வருணித்தல் அப்புலவர் நோக்கமன்று; மனித உள்ளத்தின் பின்புலமாகவே அவர்கள் இயற்கையைத் தீட்டினர். இதனை அடிகளார் விரித்துக் காட்டினார். கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளின் பாடல்களை மூலத்திலேயே அறிந்தவராதலின், தியோகிரிட்டசு, விர்சில் முதலிய மேலைப் புலவரோடு தமிழ்ப் புலவரை அருகருகே நிறுத்தி ஒப்பிட அவரால் இயன்றது. உரோமையிற் கற்ற கல்வி வீண்போகவில்லை. தமிழை அளக்க அது ஒரு கோலாயிற்று. தமிழ் ஒன்றையே கற்றவர்க்கும், தமிழே கல்லாதவர்க்கும் அவ்வாராய்ச்சி கைகூடியிராது. அவ்வாய்வேடு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்து, பின்னர்த் திருத்தம் பெற்று, 1966இல் பம்பாயில் மறுபடியும் வெளியாயிற்று.

பட்டம் பெற்றபின் அடிகளார் கீழை நாடுகளிலும் அமெரிக்காவிலும் பயணஞ் செய்து, தமிழ் இலக்கியம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். சென்றவிடமெல்லாம் ஒரு குறையைக் கண்டார். இந்திய நாட்டு இலக்கியம் என்றால் வடமொழி இலக்கியமே என்று அயல்நாட்டறிஞர் பலர் கருதியிருந்தனர். தமிழில் எழுதிய ஆராய்ச்சி அவர்கட்கு எட்டவில்லை. ஆகவே 1952இல் ‘தமிழ்ப் பண்பாடு’ எனப் பொருள்படும் பெயருடன் ஆங்கில முத்திங்கள் இதழ் ஒன்றைத் தொடங்கினார். தமிழரும் பிறநாட்டவருமாகிய அறிஞர் பலர் அதில் எழுதினர். 1966ஆம் ஆண்டு வரை அவ்விதழ் நடைபெற்றது. தமிழைப் பற்றித் தமிழர்க்கே சொல்லிக்கொண்டிருத்தலாற் பயனென்னை என்னும் எண்ணமே அவ்விதழின் உயிர்நாடி.

1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராகப் பணியாற்றிய அடிகளார், இடையே இலண்டன் சென்று மீண்டும் மாணவரானார். நாற்பது வயதைக் கடந்தபின் பெறவிருந்த அப்பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், பண்டைத் தமிழ் இலக்கியத்திற் காணும் கல்விச் சிந்தனை. பாணரும் புலவரும் ஊர்தோறும் சென்று மன்னனுக்கும் மக்களுக்கும் அறிவுறுத்திய முறையையும், அதன்பின் அறநூல்கள் எழுந்த காலத்துக் கல்விநெறியையும் ஆராய்ந்து, 1957இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் அங்கிருந்த காலத்திலேயே, 1956இல், இலங்கையிற் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. தமிழரின் மொழியுரிமை குறித்து அடிகளார் அஞ்சாது எழுதினார். நூலகத்தில் இருப்பவர்க்கு நாட்டின் துயர் எட்டாது என்பார் கூற்று, அவர்திறத்துப் பொருந்தாது.

ஐரோப்பிய நூலகங்களில் அவர் செய்த தேடல் தனியே சொல்லத்தக்கது. போர்த்துகீசியர் நம் கடற்கரைக்கு வந்த பதினாறாம் நூற்றாண்டில், கிறித்தவ மறைநூல்கள் சில தமிழில் அச்சேறின. அவற்றின் படிகள் நம் நாட்டில் மறைந்தொழிந்தன. 1554இல் லிசுபன் நகரில் அச்சாகிய சிறுநூல் ஒன்று அந்நகரத்து அருங்காட்சியகத்தில் இருந்தது. அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் போர்த்துகீசியப் பொருளுடன் அச்சிடப்பெற்றிருந்தன. தமிழ் எழுத்திலேயே 1578இல் கொல்லத்தில் அச்சாகிய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்டது. இந்திய எழுத்து ஒன்றில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல் அதுவே. இத்தகைய நூல்களுட் சிலவற்றைப் பிற அறிஞரும் முன்னரே கண்டிருந்தனர். எனினும், ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி, அவற்றின் அருமையைத் தமிழுலகம் உணரச் செய்த பெருமை அடிகளாருக்கே உரியது. போர்த்துகீசியமும் தமிழும் ஒருங்கறிந்த ஆய்வாளர் அந்நாளில் எத்துணையர் இருந்தனர்?

அந்தோணி தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாகிய தமிழ்-போர்த்துகீசிய அகராதி உரோமையில் வத்திக்கான் நூலகத்திற் கிடந்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அதனை அடிகளார் கண்டெடுத்து, 1966இல் நிழற்படப் பதிப்பாக வெளிப்படுத்தினார். புலவர் நூல்களில் இடம்பெறாத பேச்சு வழக்குச் சொற்கள் பல அதிற் காணப்படுதலின், முந்நூறு ஆண்டுகட்கு முன் மக்கள் பேசிய தமிழை அறிய விழைவார்க்கு அது பெருஞ்சான்றாகும். மாணவராக ஐந்தாண்டு வாழ்ந்த அதே நகரில் அப்புதையல் இருந்ததை, தமிழ் கல்லாத அந்நாளில் அவர் எங்ஙனம் அறிந்திருக்க இயலும்!

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறைக்கு அடிகளார் தலைவரானார். எட்டாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டி நூலை அங்கிருந்து வெளியிட்டார். புதிதாக ஆராயப் புகுவோன் முதலிற் கேட்கும் வினா, இப்பொருளில் முன்னர் எழுதியவர் யாவர் என்பதன்றோ? அதற்கு விடையாக அமைந்தது அந்நூல்.

1964ஆம் ஆண்டு சனவரியிற் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு புதுதில்லியிற் கூடிற்று. அதற்கு வந்திருந்த தமிழறிஞர்களையும் திராவிட மொழியறிஞர்களையும் ஒருங்கே கூட்டி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அடிகளாரும் வ. அய். சுப்பிரமணியம் முதலியோரும் தோற்றுவித்தனர். பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக்கு நாட்டுக் கமில் சுவலபிலும் செயலாளராயினர். முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968 சனவரியிற் சென்னையிலும், மூன்றாவது 1970இல் பாரிசிலும் நிகழ்ந்தன. சென்னை மாநாட்டை மக்கள் திருவிழாவாகவே கொண்டாடினர். ஊர்வலமும் ஆரவாரமும் கண்டு மகிழ்ந்தவர்கள், அரங்கினுள்ளே படிக்கப்பெற்ற ஆய்வுரைகளையும் ஓரளவு நினைவிற் கொண்டிருப்பின் நன்று.

நான்காம் மாநாடு 1974 சனவரியில் அடிகளாரின் சொந்த மண்ணாகிய யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. இறுதி நாளாகிய சனவரி 10ஆம் நாள் இரவு நடந்த பொதுக்கூட்டத்திற் காவல்துறையினர் புகுந்து கூட்டத்தைக் கலைக்க முற்பட்டனர். மின்கம்பி அறுந்து வீழ்ந்த அக்குழப்பத்தில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். தமிழ் கேட்க வந்த மக்கள் பிணமாகக் கிடந்த அக்காட்சி, ஆராய்ச்சியே வாழ்வெனக் கொண்டிருந்த அம்முதியவர் நெஞ்சை எங்ஙனம் வருத்தியிருக்கும் என்பது சொல்லில் அடங்காது.

1980ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அடிகளார் யாழ்ப்பாணத்தில் இயற்கை எய்தினார். நான்கு திங்கள் கழித்து ஐந்தாம் மாநாடு சங்கம் வளர்த்த மதுரையிற் கூடியது. பல நாட்டு அறிஞர் வந்திருந்தனர். அவர்களை முதன்முதல் ஒருங்கழைத்தவர் அங்கு இல்லை.