சில்லறை எண்ணக் கற்றுத்தந்த அம்மையார்

கடையில் 7 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறோம். 10 ரூபாய் கொடுக்கிறோம். மீதி எவ்வளவு?

நமக்கு இது சின்னக் கணக்கு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு இது பெரிய கணக்கு. நாகல் நகர்த் தெருக்கடையில் மீதி 3 ரூபாயைத் தானே எண்ணி வாங்கத் தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை யாரிடமும் ஏமாறாது. தாய்க்கும் பாதிக் கவலை தீரும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் படிப்பு வரும் என்று செய்து காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். நம் கொடைக்கானலில் வாழ்ந்தவர் அவர்!

டாக்டர் பட்டம்

இத்தாலி நாட்டில் 1870-ம் ஆண்டு பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அபூர்வமான காலம் அது. எதிர்ப்புகளைத் தாண்டிப் படித்து, 1896-ல் ரோமாபுரியில் டாக்டர் ஆனார்.

அங்கே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டு அம்மையார் மனம் உருகினார். இவர்களுக்கு மருந்தைவிடப் பாடமே முக்கியம் என்று முடிவு செய்தார்.

1900-ல் இத்தகைய குழந்தைகளுக்காக ரோமாபுரியில் தொடங்கிய பள்ளியை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. காலை முதல் மாலைவரை குழந்தைகளுடனேயே இருந்தார். மரத்தால் செய்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி அவர்கள் எழுதக் கற்றார்கள். சிலர் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது!

காசு விளையாட்டு

அந்த அனுபவத்தைக்கொண்டு 1907-ல் ஏழைகள் வாழும் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அங்கே எண்ணும் பாடத்துக்குக் காசுகளையும் பயன்படுத்தினார். பெரிய காசைக் கொடுத்துச் சில்லறை மாற்றுவது குழந்தைகளுக்கு விளையாட்டு. அந்த விளையாட்டிலேயே 10 வரை எண்ணக் கற்றார்கள். அன்றாட வாழ்வுக்கு இதைவிட உதவும் பாடம் இல்லை என்பது அம்மையாரின் கருத்து.

இன்றைய சிறப்புப் பள்ளிகளிலும் காசைக் கையில் கொடுத்தே பழக்குகிறார்கள். முதலில் காசை அடையாளம் காண வேண்டும். பிறகு சில்லறை மாற்ற வேண்டும். அடுத்து வகுப்பில் கடை விளையாட்டு. கடைசியில் உண்மையான கடை!

கொடைக்கானலில்

1939-ல் அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டவர் என்று வெள்ளைக்கார அரசு அவர் மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. மகன் விடுதலை ஆனபின், 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கும் குழந்தைகளுக்குப் பள்ளி நடந்தது.

1952-ல் நெதர்லாந்தில் அம்மையார் காலமானார். வயது 81.

1990-ல் இத்தாலியில் அவர் படத்தை 1000 லிரா நோட்டில் அச்சிட்டார்கள். காசை வைத்துப் பாடம் சொன்னவரின் முகம் பணத்திலேயே இடம்பெற்றது! யூரோ நாணயம் வந்தபின் அந்த நோட்டு மறைந்தது. பாடம் மறையவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா? அடுத்த முறை கடைக்கு அழைத்துப் போங்கள். காசை அதன் கையில் கொடுங்கள். எண்ணி முடிக்கும்வரை பொறுமையாக நில்லுங்கள்.