தூக்கத்தோடு சண்டை போட்ட விமானி!

குட்டீஸ்... பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண் விழித்துப் படித்தால், மறுநாள் கண் எப்படிச் சொக்கும்! முகம் கழுவினாலும் தூக்கம் போகாது அல்லவா? கீழே நடுக்கடல், விமானத்தை ஓட்டுவது நீங்கள் மட்டும்தான் என்றால் என்ன ஆகும்? அப்படித் தவித்தவர்தான் சார்லஸ் லிண்ட்பெர்க்.

இவர் 1902, பிப்ரவரி 4ம் தேதி, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே இயந்திரங்கள் மீது கொள்ளைப் பிரியம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, 1922ல் விமானப் பயிற்சியில் சேர்ந்தார். 1926ல் செயின்ட் லூயிஸ் - சிகாகோ இடையே தபால் விமானம் ஓட்டினார். இரவு, பனிமூட்டம் என்று பார்க்க முடியாத வேலை அது. அந்த ஆண்டில் மட்டும் இரண்டு முறை பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்.

நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு எங்கும் நிற்காமல் பறப்பவருக்கு, 25,000 டாலர் பரிசு என்று 1919லேயே அறிவித்திருந்தனர். முயன்ற சிலர் உயிரையே இழந்தனர். லிண்ட்பெர்க் ஒரு கணக்குப் போட்டார். எடை குறைந்தால் கூடுதல் பெட்ரோல் கொண்டு போகலாம்! ரேடியோ வேண்டாம், பாராசூட் வேண்டாம் என்றார். துணை விமானியும் வேண்டாம் என்று முடிவு செய்தார். எடை குறைந்தது; ஆனால், மாற்றி ஓட்ட ஆள் இல்லாமல் போயிற்று!

புறப்படுவதற்கு முந்தின இரவு அவர் தூங்கவே இல்லை. 1927, மே 20ம் தேதி காலை 7:52 மணிக்கு, 'ஸ்பிரிட் ஆப் செயின்ட் லூயிஸ்' விமானம் கிளம்பியது. சில மணி நேரத்திலேயே கண் சொருக ஆரம்பித்தது. இரவில் பனிக்கட்டியும், மூடுபனியும் மிரட்டின. விரலால் இமைகளைத் தூக்கிப் பிடித்தார். ஜன்னல் வழியே வந்த குளிர்காற்றில் முகத்தைக் காட்டினார். தூக்கமின்மையால், விமானத்துக்குள் யாரோ இருப்பது போன்ற உருவங்கள் கூடத் தெரிந்தன!

அவரைக் காப்பாற்றியது எது தெரியுமா? விமானத்தின் ஆட்டம்தான்! அவர் கொஞ்சம் அசந்தாலும் விமானம் திசை மாறி ஆடும். உடனே விழித்துக் கொள்வார். மீன்பிடிப் படகுகளும், அயர்லாந்துக் கரையும் கண்ணில் பட்டதும் உற்சாகம் திரும்பியது. முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்து, மறுநாள் இரவு பாரிசில் இறங்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு வரவேற்றனர்.

இந்த அனுபவத்தை அவர் புத்தகமாக எழுத, 1954ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1941ல் யூதர்களைப் பற்றி அவர் தவறாகப் பேசியது, கடும் கண்டனத்துக்கு ஆளானது. 1974, ஆகஸ்ட் 26ம் தேதி ஹவாய் தீவில் காலமானார்.

லிண்ட்பெர்க் தப்பித்தது அதிர்ஷ்டம். நூற்றுக்கணக்கான பயணிகள் இருக்கும்போது அதிர்ஷ்டத்தை நம்ப முடியுமா? அதனால்தான் இன்று விமானிகளின் வேலை நேரத்துக்கும், ஓய்வுக்கும் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் பயணிகள் விமானத்தை ஓட்டுபவருக்கு, பணிக்கு முன் 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்ற விதி, 2014ல் அமலுக்கு வந்தது. நெடுந்தூர விமானங்களில் கூடுதல் விமானிகள் செல்கின்றனர். முறை வைத்துத் தூங்குகின்றனர்.

எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், தூக்கத்தை ஏமாற்ற முடியாது குட்டீஸ். அதனால், இன்று இரவு நேரத்தோடு படுத்துத் தூங்குங்கள்... சரியா?