ஸ்ரீவன்சன் குடும்பத்தின் கடல் யாத்திரை

ஆங்கில இலக்கியத்திற் பயிற்சியுடைய மாணவர் ‘புதையல் தீவு’ என்னும் நவீனத்தை அறியாதிரார். அதனை இயற்றிய றொபேட் லூயி ஸ்ரீவன்சன் 1850ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் வெளிச்சவீடுகள் அமைத்துப் புகழ்பெற்ற பொறியியலாளர். மைந்தரோ அத்தொழிலை விடுத்து எழுதுகோலைப் பற்றினார். இளமைதொட்டே நுரையீரல் நோய் அவரை வருத்திற்று. பலகாலும் இரத்தங் கக்கிப் படுக்கையிற் கிடந்தவாறே நூல்கள் எழுதினார்.

1887இல் தந்தையார் காலமானார். அவ்வாண்டே குடும்பத்தோடு அமெரிக்கா சென்ற ஸ்ரீவன்சன், அடுத்த ஆண்டு துணிவான காரியமொன்றிற் புகுந்தார். 2,000 பவுண் செலவாகுமென மதித்து, ‘காஸ்கோ’ என்னும் பாய்க்கப்பலை ஏழு மாதத்திற்கு வாடகைக்கு அமர்த்தினார். பசிபிக் கடற்காற்று உடலைத் தேற்றுமாயின் நன்று. இன்றேற் பணத்தோடு பிழைக்கும் நம்பிக்கையும் போய்விடும் என்பதை உணர்ந்தே இதனைச் செய்தார். மனைவி ஃபானி, அவ்வம்மையாரின் முதல் மணத்திற் பிறந்த லொயிட், 59 வயதினரான தாயார் மாகரெட், பணிப்பெண் ஒருத்தி ஆகியோர் உடன் சென்றனர். கப்பலேறினால் ஃபானிக்குத் தலைசுற்றும் வாந்தியும் தவறா. கணவர்பொருட்டு அக்கடலையே அவர் மாதக்கணக்கிற் பொறுத்திருந்தார். இத்தியாகத்தைப் பலர் போதிய அளவு போற்றினாரல்லர் என்பது எமது கருத்து.

1888 ஜூன் 28ஆந் திகதி சன்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட கப்பல், ஒரு திங்களின்பின் மார்க்கேசாஸ் தீவுகளுள் ஒன்றாகிய நூக்குஹீவாவில் நங்கூரமிட்டது. பின்னர்ப் பவளத்தீவாகிய பக்கராவாவிலே தங்கித் தாகித்தி சென்றது. பக்கராவாவிற் பற்றிய தடிமன் முற்றி, தாகித்தியின் பாப்பீத்தே நகரில் ஸ்ரீவன்சன் மரணத்தறுவாயை எய்தினார். ஃபானி மனந்தளராது, தௌதீரா என்னும் தூரத்து ஊருக்கு அவரை வண்டியிற் கொண்டுசென்றார். அங்கே மோயே என்னும் இளவரசி பச்சை மீனைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து உண்பித்தார். சைவ மாணவர் முகஞ் சுளிப்பர். ஆயினும் நோயாளர் எழுந்து நடந்தார்.

அவ்வூரில் இருந்தபோதே கப்பலின் பாய்மரம் உள்ளே உளுத்திருந்தமை தெரியவந்தது. கடலருகே வாழும் நமக்கு அதன் பொருளை விளக்கவேண்டுவதில்லை. கப்பல் பழுதுபார்க்கப் போய்விட, கையிருப்பிலிருந்த உணவு தீர்ந்தது. ஓரி என்னும் ஊர்த்தலைவர் தம் வீட்டில் இடங்கொடுத்து உணவையும் பகிர்ந்தார். தோணியிற் பாப்பீத்தே சென்று பண்டங்களுங் கொணர்ந்தார். அந்நாட்டு வழக்கப்படி இருவரும் பெயர் மாற்றிக்கொண்டு சகோதரராயினர்.

நத்தார்த் தினத்தன்று தாகித்தியை நீங்கி, 1889 ஜனவரி 24இல் ஒனலூலு துறைமுகத்தை அடைந்தனர். ஸ்ரீவன்சன் தாயகம் மீளவில்லை. சமோவாவிற் குடியமர்ந்து, 1894 டிசம்பர் 3ஆந் திகதி 44ஆம் வயதிற் காலமானார். வேயா மலையுச்சியில் அவரை அடக்கஞ்செய்யச் சமோவ மக்கள் காடுவெட்டி வழி சமைத்தனர். தாயார் மாகரெட் அவ்வேளை அங்கிருந்தார். ஏக மைந்தரைப் புதைத்தபின் மீண்டுங் கப்பலேறி ஸ்கொத்லாந்து சேர்ந்து, 1897இல் இறந்தார்.