சீகன்பால்குவின் புத்தகப் பட்டியல்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் என் அண்ணாவின் மகன், மேற்படிப்புக்கு ஜேர்மனியில் இடம் தேடுகிறான். அவன் காட்டிய பெயர்களில் ஹாலே பல்கலைக்கழகமும் இருந்தது. உலகத் தரவரிசையில் அது எத்தனையாவது என்பதுதான் அவன் கவலை. எனக்கு நினைவில் வந்தவர் சீகன்பால்கு.

ஹாலே 1694 இல் தொடங்கியது. இலத்தீனை விட்டு ஜேர்மன் மொழியில் விரிவுரை செய்த தொமாசியுஸும், அநாதை இல்லமும் பாடசாலைகளும் கட்டிய பிராங்கேயும் அங்கு பேராசிரியர்கள். 1754 இல் ஜேர்மனியின் முதல் பெண் மருத்துவக் கலாநிதி பட்டம் பெற்றதும் அங்கேதான்.

சீகன்பால்குவோ அங்கு படிப்பை முடிக்காதவர். 1682 இல் சாக்சனியில் பிறந்து, சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். 1703 இல் ஹாலேக்குப் போனார், நோய் விடவில்லை. 1706 யூலையில் டென்மார்க் மன்னர் அனுப்பிய மதபோதகராகத் தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார்.

இரண்டே ஆண்டில், தான் சேர்த்த தமிழ் நூல்கள் 119 இற்கு விவரப்பட்டியல் எழுதினார். ஒவ்வொரு ஏடும் எதைப் பற்றியது என்ற குறிப்பும் உண்டு. ஊரூராக ஆள் அனுப்பி, கைம்பெண்களிடம் மலிவாக வாங்கிய ஏடுகளும் அதில் அடக்கம். அந்த மலிவை என் மனம் இன்னும் ஏற்கவில்லை. 1708 இன் கடைசியில் டேனிஷ் ஆளுநரோடு முரண்பட்டு நான்கு மாதம் சிறையிலும் இருந்தார்.

1713 இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதி அனுப்பினார். பிராங்கே அச்சிட மறுத்தார். பிற மதத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். ஆனால் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716 இல் ஹாலேயிலேயே அச்சானது. எங்கள் மொழிக்குத் திறந்த கதவு எங்கள் தெய்வங்களுக்குத் திறக்கவில்லை. அந்த நூல் சென்னையில் அச்சேற 1867 ஆயிற்று. சீகன்பால்கு 1719 இல், 36 வயதில், தரங்கம்பாடியில் இறந்துபோனார்.

ஹாலேயில் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன. அங்கே போனால் முதலில் அவற்றைப் பார் என்று மகனிடம் சொன்னேன்.

2009 தையில் விசுவமடுவில் நாங்கள் விட்டுவந்த இரண்டு பெட்டிப் புத்தகங்களுக்குப் பட்டியல் இல்லை. அன்றிரவு நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன். நாற்பத்தேழுக்கு மேல் வரவில்லை. மிச்சத்தை அண்ணாவிடம் கேட்க வேண்டும்.